பில்லில் வராத சாஃப்ட்வேர்

காலேஜ் திறக்கும் நேரம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லேப்டாப் பற்றித்தான். எந்த லேப்டாப் என்பதில் யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை. அதற்குள் எதைப் போடுவது, எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில்.

கேள்வி: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் பார்க்கப் போன கடையில் எம்.எஸ். ஆபீஸ், டேலி, போட்டோஷாப், ஆன்டிவைரஸ் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்கு ‘போட்டுத் தர்றோம் சார்’ என்கிறார்கள். ஆனால் பில்லில் வராதாம். வாங்கிக்கொள்ளலாமா? (கோவை வாசகர்)

பதில்: பில்லில் வராது என்று அவர்களே சொல்லிவிட்ட பிறகு நான் தனியாக என்ன சொல்ல! இத்தனையையும் அந்த விலைக்கு யாராலும் முறையாகத் தர முடியாது. போடப்போவது கிராக், அதாவது லைசன்ஸ் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. போட்டோஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள், 2013-லிருந்தே அடோபி அதன் புதுப் பதிப்புகளைச் சந்தாவில்தான் தருகிறது. ‘லைஃப்டைம் போட்டோஷாப்’ என்று எவராவது சொன்னால் அது திருட்டுப் பிரதி, இல்லாவிட்டால் தாத்தா காலத்துப் பதிப்பு.

கிராக் எப்படி ஏறுகிறது என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பையன் பென்டிரைவைச் செருகுவார். விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டர் உடனே ‘ஆபத்து’ என்று சிவப்புக் கொடி காட்டும். அதை அணைப்பார், பென்டிரைவில் இருக்கும் ஃபைலை ஓடவிடுவார், ‘ஆக்டிவேட்டட்’ என்று வந்ததும் லேப்டாப்பை மூடி உங்களிடம் கொடுத்துவிடுவார். அணைத்ததை மறுபடி போட்டாரா? பெரும்பாலும் இல்லை. காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு, அதே கையோடு ஆன்டிவைரஸுக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். சட்டமும் உண்டு: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவரைப் பற்றி 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் பேசுகிறது. போட்டுக் கொடுத்தவரோடு போகும் விஷயமில்லை அது.

பி.காம். மாணவிக்கு வேண்டியது நான்கே நான்கு: அசைன்மென்ட் அடிக்க ஒன்று, கணக்குத் தாள் ஒன்று, செமினாருக்கு ஸ்லைடு போட ஒன்று, பழகக் கணக்கு மென்பொருளான டேலி. போட்டோஷாப்பை மறந்துவிடுங்கள்.

முதல் மூன்றுக்கும் ஆபீஸ் போதும். அதற்குத் தனியாகக் காசு கொடுக்குமுன் லேப்டாப் அட்டைப்பெட்டியைப் படியுங்கள். இங்கே விற்கும் பல மாடல்களின் விலையிலேயே ஆபீஸ் ஹோம் சேர்ந்திருக்கிறது. வருடச் சந்தா அல்ல, அந்த லேப்டாப் இருக்கும்வரை உங்களுடையது. அதை ஆக்டிவேட் செய்யக் கெடு உண்டு என்பதால் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள், அதுவும் மகளின் சொந்த மெயில் ஐடியில். எங்கள் பக்கத்து வீட்டில் கடைப் பையன் தன் மெயிலிலேயே ஆக்டிவேட் செய்து கொடுத்துவிட்டான். இரண்டு வருடம் கழித்து விண்டோஸை அழித்துப் போட வேண்டி வந்தபோது பாஸ்வேர்டு அவனிடம், அவன் துபாயில்.

பெட்டியில் ஆபீஸ் இல்லையா? லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. 2010-இல் ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. முழுக்க இலவசம், மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் முடியும். வேர்டு, எக்செல் ஃபைல்களைத் திறக்கும், அதே வடிவில் சேமிக்கும். குறை ஒன்று சொல்ல வேண்டும்: அட்டவணையும் படமும் நெருக்கமாக உள்ள ஃபைலை வேர்டில் திறந்தால் ஒன்றிரண்டு வரி இடம் நகர்ந்து நிற்கும். ஆசிரியருக்குப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் அந்தத் தொல்லை கிடையாது. கூகுள் டாக்ஸும், பிரவுசரில் திறக்கும் வேர்டும்கூட இலவசம்தான். நெட் சீராக இருக்கும் வீடென்றால் அவையே போதும்.

டேலிக்கும் காசு வேண்டாம். அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி, லைசன்ஸ் கேட்கும் இடத்தில் ‘எஜுகேஷனல் மோட்’ என்று கொடுங்கள். மாதத்தின் 1, 2, கடைசித் தேதி, இவற்றில் மட்டும்தான் வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போட விடும். கடை நடத்த உதவாது, பரீட்சைக்குப் பழகத் தாராளம்.

இன்னொன்று. விலை குறைந்த சில லேப்டாப்களில் விண்டோஸ் ‘எஸ் மோட்’ என்று வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இல்லாத எதுவும் அதில் ஏறாது. டேலி ஏறவில்லையே என்று கடைக்கு ஓடாதீர்கள். ஸ்டோருக்குள்ளேயே அதை விட்டு வெளியே வர வழி இருக்கிறது, காலணா செலவில்லை. திரும்ப எஸ் மோடுக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை 300 பக்கத்துக்கு எழுதி, பல வருடங்களுக்கு முன் டி.டி.பி. சென்டரில் அடித்து வைத்தேன். இப்போது புதுக் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. மறுபடி அடிக்கப் பக்கத்துக்கு 30 ரூபாய் கேட்கிறார்கள். வேறு வழி உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு ஐயா. ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். உங்கள் ஃபைல் கெடவில்லை, எழுத்துருதான் இல்லை.

‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கிறதா பாருங்கள். நின்றால் அது பாமினி. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி போட்டது போன்றது; மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். முகமூடி இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் தெரிகிறது. பாமினி எழுத்துருவை மட்டும் அந்தக் கணினியில் சேர்த்தால் 300 பக்கமும் அப்படியே தமிழாக நிற்கும்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். பேரன் செல்போனில் திறந்தால் மறுபடி அதே அரைப்புள்ளி. எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உள்ளது. பாமினி, வானவில், டிஸ்கி, டேப் என்று பழைய குறிமுறை எதுவானாலும் யூனிகோடாக மாற்றும். முதலில் மூல ஃபைலை ஒரு பிரதி எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு அத்தியாயம் அத்தியாயமாக மாற்றுங்கள். நடுவில் ஆங்கிலச் சொற்கள் வந்திருந்தால் அவையும் தமிழாகி, வாயில் நுழையாத ஏதோ ஒன்றாக நிற்கும். கல்வெட்டு ஆண்டறிக்கை, சர்வே எண் என்று எழுதியிருப்பீர்கள் அல்லவா, அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். மேற்கோள் குறிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒரு வாரம் சாயங்கால வேலை.

வேர்டு ஃபைலாக இல்லாமல், பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைலாக இருந்தால் கொஞ்சம் அலைச்சல். 2001-இல் வந்த 7.0-தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு. அதை இன்னும் வைத்திருக்கும் பழைய அச்சகம் எதையாவது பிடித்து, எழுத்தை மட்டும் தனியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைக்கு அவர்கள் கேட்பதைக் கொடுக்கலாம்.

இனிமேல் அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். தட்டச்சு தெரியாதவர் என்றால் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்வேன். தமிழக அரசு 1999-இல் ஏற்றுக்கொண்டது. ‘அக்கா’ என்று அடிக்க க-வை இரண்டு தடவை தட்டினால் போதும், நடுவில் புள்ளி தானே விழும். ஆங்கிலத்தில் ‘அம்மா’ என்று ஒலிபெயர்த்து அடிப்பவர்களுக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும்.

கேள்வி: ஈரோட்டில் சிறிய ஹார்டுவேர் கடை. தனி உரிமையாளர் நான்தான். டேலி வாங்கலாமா, மாதச் சந்தாவில் வரும் பில்லிங் ஆப் போதுமா? டேலி போடாவிட்டால் ‘ஆடிட் டிரெயில்’ சட்டத்தில் மாட்டுவீர்கள் என்று ஒரு விற்பனையாளர் பயமுறுத்துகிறார்.

பதில்: பயம் வேண்டாம். ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும் வசதி (அதுதான் ஆடிட் டிரெயில்) கணக்கு மென்பொருளில் இருந்தாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பது உண்மை. ஆனால் அது கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களுக்கு. தனி உரிமையாளர் கடைக்கு அல்ல.

எதை வாங்குவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். கணக்கு கடைசியில் போய்ச் சேருவது அவர் மேஜைக்குத்தான். அவர் டேலி டேட்டாவாகக் கேட்பவர் என்றால் டேலி. எக்செல் போதும் என்பவர் என்றால் ஆப்பைப் பார்க்கலாம். ஆப்புக்கு ஒரு வருடப் பணம் கட்டுமுன், இலவசக் காலத்திலேயே பத்துச் சரக்கும் பத்து பில்லும் போட்டு, மொத்தத்தையும் எக்செல்லாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த ஆப் வேண்டாம். நாளைக்கு வேறொன்றுக்கு மாற நினைத்தால் உங்கள் சரக்குப் பட்டியல் அவர்களிடம் சிறைப்பட்டிருக்கும்.

டேலி என்றால் சில்வர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க. கல்லாவில் ஒன்று, குடோனில் ஒன்று என்று ஒரே நேரத்தில் பார்க்கக் கோல்டு. உங்களுக்குச் சில்வர் போதும். நிரந்தர லைசன்ஸ் வாங்கினால், ஆண்டு ரினிவல் கட்டாவிட்டால் புதுப் பதிப்பும் சில ஆன்லைன் வசதியும்தான் நிற்கும். பில் போடுவது நிற்காது. ‘கட்டலைன்னா ஓடாது’ என்று யாராவது போன் செய்தால் நம்ப வேண்டாம். லைசன்ஸைப் பதியும்போது விற்பனையாளர் மெயில் ஐடியைப் போட விடாதீர்கள், உங்களுடையதைப் போடுங்கள் (துபாய்ப் பையன் கதைதான்). உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வாங்கினால், வழக்கமான முறையில் வரி கட்டுபவராக இருக்கும்பட்சத்தில், 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருந்தால் அது கிடைக்காது.

கேள்வி: ஆன்டிவைரஸ் முடிந்துவிட்டது, உடனே புதுப்பியுங்கள் என்று தினமும் திரையில் வருகிறது. கட்டவா? (நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11-இல் இருக்கும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும். பழையதை நீக்கினால் அது தானே வேலையைத் தொடங்கும். பிரவுசரில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று வந்தால் அது வெறும் விளம்பரம், தொடாதீர்கள். உங்களுடையது விண்டோஸ் 10 என்றால் கவலை வேறு: அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஆன்டிவைரஸுக்குக் கொடுக்கும் பணத்தை அதை மாற்றுவதில் போடுங்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ வெட்ட ஓர் ஆப்பை ‘7 நாள் இலவசம்’ என்று போனில் இறக்கினேன். வேலை முடிந்ததும் அழித்துவிட்டேன். இப்போது 3,999 ரூபாய் எடுத்துவிட்டார்கள். திரும்பக் கிடைக்குமா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா அழியாதம்மா. நிறையப் பேர் வழுக்கும் இடம் இதுதான். முதலில் பிளே ஸ்டோரில் சந்தாப் பட்டியலைத் திறந்து ரத்து செய்யுங்கள். பிறகு வங்கி ஆப்பிலோ யு.பி.ஐ. ஆப்பிலோ ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் அங்கேயும் நிறுத்துங்கள். பணம் எடுத்து 48 மணி நேரம் ஆகாவிட்டால் பிளே ஸ்டோரிலேயே ரீஃபண்ட் கேட்கலாம். தாண்டிவிட்டால் ஆப் நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வந்திருக்க வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸிலும் மெயிலிலும் தேடுங்கள். வரவே இல்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், உங்கள் பக்கம் வலுவானது. வந்திருந்து நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் சேருவதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஒன்பது தட்டு என்று ஆப் அமைந்திருந்தால் அது ‘சந்தாப் பொறி’. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவங்களில் அதுவும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ரத்து செய்யுமுன் ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரத்தான பிறகு அந்தப் பக்கங்கள் மறுபடி கண்ணில் படாது.