பாஸ்வேர்டு சரிதான், உள்ளேதான் விடமாட்டேன் என்கிறது

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்தவற்றில், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் லாகின் திரை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஈசூன், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: அண்ணே, லினக்ஸ் மின்ட்டில் பாஸ்வேர்டு போட்டால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு, திரும்ப லாகினுக்கே வருகிறது. தப்பென்றும் சொல்லவில்லை. ரீஇன்ஸ்டால் பண்ணிவிடவா?

வேண்டாம் தம்பி. தப்பென்று சொல்லவில்லை என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டுவிட்டது, அதற்கப்புறம் எழ வேண்டிய டெஸ்க்டாப்தான் எழாமல் விழுகிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் உள்ளே போங்கள்.

முதலில் 'டிஎஃப்' கட்டளையில் டிஸ்க்கைப் பாருங்கள். 100% என்று காட்டினால் அதுதான் ஆள். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ட்4 முறை, வழக்கமாக 5% இடத்தை ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கென்று பிடித்து வைத்திருக்கும். அதனால் கணினி ஒழுங்காக பூட் ஆகும், லாகின் திரையும் வரும், ஆனால் உங்கள் பெயரில் ஒரு குட்டிக் கோப்பு எழுதக்கூட இடம் இருக்காது. டவுன்லோட்ஸில் கிடக்கும் பழைய ஐஎஸ்ஓக்களை (இயங்குதள நிறுவல் கோப்புகளை) அழித்தாலே போதும்.

இடம் இருக்கிறதா? சரி, ஹோம் ஃபோல்டரில் புள்ளி வைத்துத் தொடங்கும் 'எக்ஸ்அத்தாரிட்டி' கோப்பு (டெஸ்க்டாப் திரையைத் திறக்கும் அனுமதிச்சீட்டு) யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ரூட் பெயரில் இருந்தால், என்றோ சூடோ போட்டு, அதாவது ரூட் அதிகாரத்தில், டெஸ்க்டாப்பைத் தொடங்கும் 'ஸ்டார்ட்எக்ஸ்' கட்டளையை ஓட்டியிருப்பீர்கள். கோப்புக்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள். ஃபோல்டர் உங்களுடையது என்பதால் அதற்கு சூடோகூட வேண்டாம். அடுத்த லாகினில் புதிதாக ஒன்று தானே உருவாகும்.

இரண்டும் இல்லையென்றால், லாகின் ஆகும்போது ஓடும் புள்ளி 'ப்ரொஃபைல்' கோப்பைத் திறங்கள். நானே ஒருமுறை அதில் வெளியேறச் சொல்லும் ஒரு 'எக்ஸிட்' வரியை மறந்து விட்டுவிட்டேன். எழுத்துத் திரையும் என்னை வெளியே தள்ளியது. ரெக்கவரி மோடில் போய்த்தான் அழித்தேன்.

தோ பாயோ, தமிழாசிரியை: உபுண்டுவில் தமிழ்99 விசைப்பலகை சேர்த்ததிலிருந்து லாகினில் மட்டும் பாஸ்வேர்டு தப்பு என்கிறது.

டீச்சர், புள்ளிகளுக்குப் பின்னால் நீங்கள் அடிப்பது தமிழ் எழுத்தாக இருக்கும். மேல் வலது மூலையில் எந்த மொழி என்று காட்டும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். என்ன விழுகிறது என்று பார்க்க, பயனர் பெயர் கட்டத்தில் மட்டும் பாஸ்வேர்டை அடித்துவிடாதீர்கள். அது அப்படியே கணினியின் பதிவுக் கோப்பில் (லாக்) பதிவாகிவிடக்கூடும். உள்ளே போனதும் செட்டிங்ஸில் ஆங்கிலத்தை முதலாவதாக நகர்த்திவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்: சிம் லிம் ஸ்குவேரில் பழைய என்விடியா அட்டை வாங்கிப் போட்டேன். கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு லாகினே வரவில்லை, வெறும் கறுப்பு.

அட்டையைக் குறை சொல்லாதீர்கள். புதிய கெர்னலுக்கு, அட்டையை இயக்கும் டிரைவர் மாட்யூல் தயாராகியிருக்காது. பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் இது. திரை வந்ததும் டிரைவரை மறுபடி நிறுவுங்கள். கையொப்பமில்லாத மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால், நிறுவும்போது கேட்கும் பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். ரீபூட்டில் நீலத் திரை அதைக் கேட்கும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் மாட்யூல் ஏறாது, மீண்டும் கறுப்புதான்.

பிடோக்: பாட்டிக்காக ஆட்டோ லாகின் வைத்தேன். இப்போது குரோம் திறந்தால் 'கீரிங்' பாஸ்வேர்டு கேட்கிறதாம். பாட்டி பயந்துபோய் மூடிவிடுகிறார்.

சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீரிங் பெட்டியைத் திறப்பதே லாகினில் அடிக்கும் பாஸ்வேர்டுதான். ஆட்டோ லாகினில் யாரும் அடிப்பதில்லை, பெட்டி பூட்டியே கிடக்கிறது. 'சீஹார்ஸ்' செயலியில் கீரிங் பாஸ்வேர்டை வெறுமையாக்கலாம். ஆனால் பாட்டியின் வங்கிக் கணக்கு அந்தக் கணினியில் திறக்கிறதென்றால் நான் செய்யமாட்டேன். ஆட்டோ லாகினை எடுத்துவிட்டு, பாட்டிக்கு மறக்காத பாஸ்வேர்டாக ஒன்று வைத்துக் கொடுப்பேன்.

ஜூரோங்: ஃப்ரீபிஎஸ்டியில் (லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) லாகின் திரை காட்டும் எக்ஸ்டிஎம் நிறுவினேன், திரை வரவில்லை.

'ஈடிசி' ஃபோல்டரில் 'டிடிஒய்ஸ்' கோப்பைத் திறந்து, 'டிடிஒய்வி8' வரியில் 'ஆஃப்' என்றிருப்பதை 'ஆன்' ஆக்கி ரீபூட் செய்யுங்கள். அவ்வளவுதான்.