துளையை அடைக்காமல் சத்தத்தை அடக்குவது எப்படி?

கேள்வி: என் வேகப் படகில் 2.5 லிட்டர் வி6 டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் எக்ஸாஸ்டில், அதாவது புகை வெளியேறும் பாதையில், ஏதோ வெட்டி மாற்றியிருக்கிறார். என்ன செய்தார் என்று கேட்க வழியில்லை. படகுத்துறையில் ஐடிலில் (வேகம் கொடுக்காமல் எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) நிற்கும்போதே காது வலிக்கிறது, ஓடும்போதும் சத்தம் அதிகம்தான். எஞ்சின் காலின் பின்பக்கம், தண்ணீருக்கு மேலே இரண்டு துளைகள் இருக்கின்றன, ஐடிலில் புகை அவற்றின் வழியாகத்தான் வருகிறது. ரப்பர் வைத்து அடைத்துவிட்டால் புகை முழுக்கத் தண்ணீருக்கடியில் போய்விடும், சத்தமும் போய்விடும் என்கிறார் நண்பர். செய்யலாமா? வேகம் மட்டும் குறையக் கூடாது.

பதில்: அடைக்காதீர்கள். மற்ற எதைச் செய்தாலும் சரி, இதை மட்டும் செய்ய வேண்டாம்.

அந்தத் துளைகள் எதற்கு என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். சிலிண்டரிலிருந்து வரும் புகை எஞ்சினுக்கு அடியில் உள்ள அடாப்டர் பிளேட் வழியாக இறங்கி, டியூனர் என்ற குழாயைக் கடந்து, எஞ்சின் காலுக்குள் விரிந்து, அடியில் உள்ள பல்சக்கரப் பெட்டியான கியர்கேஸ் வழியாகப் ப்ரொப்பெல்லரின் நடுக்குழலில் வெளியேறுகிறது. படகு வேகமெடுத்துத் தண்ணீர் மேல் எழும்பி ஓடும்போது இந்தப் பாதை அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து புகையை அதுவே இழுத்துக்கொள்கிறது. ஆனால் படகு நிற்கும்போது பின்பக்கம் அமிழ்ந்து, ப்ரொப்பெல்லர் ஆழத்தில் கிடக்கும். மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டு வர ஐடிலில் ஓடும் எஞ்சினின் புகைக்குத் தெம்பு இருக்காது. அதனால்தான் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஐடில் ரிலீஃப் என்று ஒரு வழி விடுகிறார்கள். அதை அடைத்தால் எஞ்சின் கிளம்பச் சிரமப்படும், கிளம்பினாலும் திணறி நின்றுபோகும். கசிகிற சீல் ஏதாவது இருந்தால் புகை மேல்மூடிக்குள் ஏறி, எஞ்சின் தன் புகையையே திரும்ப உறிஞ்சும். புகையோடு கலந்திருக்கும் தண்ணீர் சிலிண்டர் பக்கம் திரும்பினால் செலவு வேறு கணக்கில் போய்விடும்.

ஆக உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிச் சத்தங்கள். ஐடிலில் கேட்பது ரிலீஃப் துளை வழியாக வருவது. ஓடும்போது கேட்பது பெரும்பாலும் ப்ரொப்பெல்லர் பக்கத்திலிருந்து வருவது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதுக்கு உதவாது.

ஐடில் சத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலிருந்து வரும் மோட்டாரில் அந்தப் புகை நேராக வெளியே வருவதில்லை, தடுப்புகள் வைத்த ஒரு சின்ன அறைக்குள் போய், விரிந்து, திரும்பி, அப்புறம்தான் வெளியே வரும். பந்தயத்துக்கு என்று மாற்றுகிறவர்கள் முதலில் கழற்றி எறிவது பெரும்பாலும் இந்த அறையைத்தான். உங்கள் மோட்டாரிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூடியைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். வெட்டிய தடம், காலியான போல்ட் துளை, ஒன்றையும் பிடிக்காமல் நிற்கும் ரப்பர் வளையம், இதில் எது தெரிந்தாலும் விஷயம் உறுதி. அதே வகை மோட்டாரின் பழைய ரிலீஃப் மஃப்ளர் (அந்தத் தடுப்பறைக்குப் பெயர் இதுதான்), அதன் ரப்பர் இணைப்புகள், கேஸ்கெட் எல்லாம் தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்துங்கள். நீங்கள் செய்யக்கூடியதிலேயே நல்ல வழி இதுதான், வேகமும் குறையாது, ஏனென்றால் முழு வேகத்தில் அந்த வழியாகப் போகும் புகை மிகக் கொஞ்சம்.

கிடைக்கவே இல்லையென்றால் அலுமினியத்திலோ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ ஒரு பெட்டி செய்து மாட்டலாம். புகை உள்ளே வந்ததும் விரிய இடம் வேண்டும், நடுவில் ஒன்றிரண்டு தடுப்புகளைச் சுற்றி வர வேண்டும், வெளியே போகும் வாய் தண்ணீரைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பாதையை எவ்வளவு வேண்டுமானாலும் வளைக்கலாம், நீட்டலாம். ஆனால் எந்த இடத்திலும் அதன் உட்பரப்பு பழைய இரண்டு துளைகளின் மொத்தப் பரப்பைவிடக் குறையக் கூடாது, குறைந்தால் அடைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை அவசியம். வெளிவாய் நிற்கும் படகின் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும், ஆட்கள் ஏறிப் படகு அமிழ்ந்த பிறகும் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் சைலன்சரில் வைக்கிற கண்ணாடி இழையை இதில் வைக்காதீர்கள், இரும்பு நார் கூடவே கூடாது. ஈரத்திலும் உப்பிலும் ஒன்று கூழாகி வெளியேறும், மற்றொன்று துருப்பிடித்து வழியை அடைத்துவிடும்.

மேல்மூடிக்குள் ஃபோம் ஒட்டினால் போதுமே என்று சிலர் எழுதுகிறீர்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆறு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்றுக்கு ஆறு வெடிப்பு. நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஐடில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 6000, அதாவது வினாடிக்கு 100. காற்றில் 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அதை ஃபோம் நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அலைநீளத்தில் கால்வாசி, அதாவது சுமார் 85 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். ஒரு இன்ச் ஃபோம் அந்த உறுமலை ஒன்றும் செய்யாது. அறையும் தடுப்பும்தான் அதைப் பிடிக்கும். ஃபோமுக்கும் வேலை இருக்கிறது, எஞ்சின் காற்றை உறிஞ்சும் கூர்மையான இரைச்சலை அது நன்றாகக் குறைக்கும். பலர் எக்ஸாஸ்ட் என்று நினைத்துப் போராடுவது உண்மையில் இந்த இரைச்சலோடுதான். எண்ணெய் குடிக்காத, எளிதில் தீப்பிடிக்காத, மேலே படலம் போட்ட ஃபோமாக வாங்குங்கள். காற்று வரும் வழியையும் ஃப்ளைவீலையும் தொடாமல் ஒட்டுங்கள்.

சரி, ஓடும்போது வரும் சத்தம். இதில் வேகம் குறையக் கூடாது என்ற உங்கள் நிபந்தனையோடு கொஞ்சம் மோத வேண்டியிருக்கிறது. வேகப் படகில் மோட்டாரை உயரத்தில் வைப்பது கியர்கேஸ் தண்ணீரில் உராய்வதைக் குறைக்கத்தான். உயர்த்த உயர்த்த வேகம் கூடும், ஆனால் ப்ரொப்பெல்லரின் மேல்பாதி வெளியே வந்ததும் புகையும் திறந்த காற்றில் கத்தத் தொடங்கும். மோட்டாரை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் ஜாக் பிளேட் இருந்தால் கரையோரத்திலும் நிதான வேகத்திலும் ஓரிரு இன்ச் இறக்கி வைத்து, ட்ரிம்மையும் (மோட்டாரின் சாய்வை) உள்ளே இழுத்து ஓட்டுங்கள், வெட்டவெளி நீர்ப்பரப்புக்குப் போன பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு பழக்கம் கரையில் இருப்பவர்களுக்குத் தரும் நிம்மதியை வேறு எந்தப் பாகமும் தராது. அடுத்தது ப்ரொப்பெல்லர். புகை நடுக்குழல் வழியாகப் போகாமல் அதன் மேலேயே வழிந்தோடும் சாப்பர், கிளீவர் வகைகள் சத்தம் கூடியவை. புகையை இலைகளுக்குப் பின்னால் வரை கொண்டுபோய் விடும் முழு நீளக் குழல் உள்ளது அமைதியானது, மேல் வேகத்தில் சிறிது போகலாம்.

டியூனர் குழாய் வெட்டப்பட்டிருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் அது சத்தத்துக்கான பாகம் இல்லை, அதிலிருந்து திரும்பும் அழுத்த அலை வெளியே தப்பும் புதுக் கலவையை சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதன் நீளத்தையோ வடிவத்தையோ மாற்றினால் எஞ்சின் கேட்கும் எரிபொருள் அளவும் மாறும். வெட்டியவர் அதற்கேற்ப ஜெட்டையோ (எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைப் பாகம்) எரிபொருள் கணக்கையோ மாற்றியிருப்பார், நீங்கள் பழைய டியூனரை மட்டும் போட்டால் கலவை பொருந்தாமல் போய் பிஸ்டன் உருகவும் கூடும். இந்த வகை மோட்டாரைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புது மஃப்ளர் மாட்டிவிட்டு, தரையில் தண்ணீர்க் குழாய் இணைத்து ஓட்டிப் பார்த்தேன். சத்தம் குறைந்த மாதிரியே தெரியவில்லை. பணம் வீணா?

பதில்: தரையில் நிற்கும்போது ப்ரொப்பெல்லர் குழல் காற்றில் திறந்து கிடக்கிறது. தடுக்கத் தண்ணீர் இல்லாததால் புகை மஃப்ளர் பக்கமே வராமல் கீழ்வழியாக வெளியேறும். படகை இறக்கி மிதக்க விட்டுப் பிறகு கேளுங்கள்.

கேள்வி: போன பருவம் வரை அமைதியாக இருந்த மோட்டார் இப்போது திடீரென்று சத்தம் போடுகிறது. எதையும் மாற்றவில்லை. மஃப்ளர் வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள், இது நோயின் அறிகுறி. குளிர்விக்கும் தண்ணீர் எஞ்சினைச் சுற்றி வந்த பிறகு எக்ஸாஸ்ட் அறைக்குள்தான் கொட்டுகிறது. சூடான புகை அதில் பட்டுக் குளிர்ந்து சுருங்குவதாலேயே பாதி சத்தம் அடங்குகிறது. தண்ணீர் பம்ப்பின் சிறகுச் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்து தண்ணீர் குறைந்தால் புகை காய்ந்து, சத்தம் கூர்மையாகும். எஞ்சின் சூடேறுவதற்கு முன்னால் காது அதைக் கண்டுபிடித்துவிடும், நான் ஒருமுறை அப்படித்தான் ஒரு எஞ்சினைக் காப்பாற்றினேன், எச்சரிக்கை ஒலி வருவதற்கு முன்பே சத்தம் வறண்டு போயிருந்ததைக் கேட்டு நிறுத்தினேன், பிரித்துப் பார்த்தால் இம்பெல்லரில் இரண்டு சிறகுகள் இல்லை. பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் பழைய வலுவில் வருகிறதா என்று உடனே பாருங்கள். தண்ணீர் சரியாக இருந்தால் அடாப்டர் பிளேட் கேஸ்கெட், அரித்துப்போன தடுப்புத் தகடு, கிழிந்த ரப்பர் இணைப்பு ஆகியவற்றைச் சோதியுங்கள். கசியும் இடத்தில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். மேல்மூடியின் உட்புறம் கறுத்திருந்தால் புகை உள்ளே வருகிறது என்று அர்த்தம், கேபின் உள்ள படகாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து என்பதால் சரிசெய்யும் வரை ஓட்டாதீர்கள்.

கேள்வி: எத்தனை டெசிபல் வரை அனுமதி? கைபேசியில் அளந்தால் போதுமா?

பதில்: ஊருக்கு ஊர் மாறும். உதாரணத்துக்கு, கலிஃபோர்னியாவில் படகை நிறுத்தி ஐடிலில் அளக்கும்போது 1993க்கு முன் செய்த எஞ்சினுக்கு 90, அதற்குப் பிந்தியவற்றுக்கு 88 டெசிபல், கரையிலிருந்து அளந்தால் 75. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு நெறிமுறையில், கடந்து போகும்போது 40 கிலோவாட்டுக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 75, ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் இருந்தால் 3 டெசிபல் கூடுதலாக அனுமதி உண்டு. உங்கள் நீர்நிலைக்கான விதியை அதிகாரிகளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசியை வழக்குக்குக் கொண்டுபோக முடியாது, ஆனால் வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். அதே கைபேசி, அதே இடம், அதே சுற்று, காற்றில்லாத நேரம். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியான மாதிரி தெரியும், அதனால் 3 குறைந்ததற்கே ஏமாற்றமடைய வேண்டாம், ஒலி ஆற்றலில் அதுவே பாதி. உங்கள் காதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான பரிந்துரை, ஒவ்வொரு 3 கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்.

இன்னொன்று, மாலையில் ஒருமுறை அளந்து பாருங்கள். தண்ணீரை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்திருக்கும்போது சத்தம் மேலே போகாமல் கீழே வளைந்து வெகு தூரம் போகும். பகலில் யாருக்கும் தொந்தரவில்லாத படகு மாலையில் எதிர்க்கரை வரை கேட்பது அதனால்தான். நண்பர் ஒருவரைக் கரையில் நிறுத்தி, ஜாக் பிளேட்டை மூன்று உயரங்களில் வைத்து ஓட்டி, எந்த உயரத்தில் அவருக்குச் சத்தம் சட்டென்று கூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கரையோரம் ஓட்டும்போது அதற்கு ஒரு இன்ச் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.