வைஃபை பெயர் இரண்டு, வலை ஒன்றா? வீலேன் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கிளினிக்கில் நோயாளிகளுக்கென்று தனி வைஃபை பெயர், தனி பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறோம். அது போதாதா?

பதில்: போதாது. வாசல் இரண்டு வைத்து உள்ளே ஒரே கூடமாக விட்டது போலத்தான் அது. இரண்டு பெயரும் ஒரே நெட்வொர்க்கில் போய்ச் சேர்ந்தால், காத்திருப்பவரின் போனிலிருந்து உங்கள் பில்லிங் கம்ப்யூட்டர் வரை வழி திறந்திருக்கும். அதில் நோயாளிகளின் விவரம் இருக்கிறது, அலட்சியம் கூடாது. ஒரே கேபிள், ஸ்விட்சில் ஓடும் வலையைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பதுதான் வீலேன் (VLAN). ஒவ்வொரு வைஃபை பெயரையும் ஒரு வீலேன் எண்ணோடு இணையுங்கள்: ஊழியர்களுக்கு 10, வந்துபோகிறவர்களுக்கு 20 என்று. 1 முதல் 4094 வரை எண் கொடுக்கலாம். வைஃபை கொடுக்கும் கருவியான ஆக்சஸ் பாயின்ட் அந்த எண்ணை 4 பைட் டேக்காக (அடையாளச் சீட்டாக) ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது ஒவ்வொரு தரவுத் துண்டிலும், செருகி கேபிளில் அனுப்பும். அந்த டேக் ரவுட்டர் வரை போய்ச் சேர வேண்டும். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனி ஐபி முகவரி வரிசையும், அதிலிருந்து தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியும் இருக்க வேண்டும்.

கேள்வி: அப்படித்தான் செய்தேன். போன் இணைகிறது, ஆனால் ஐபி 169.254 என்று ஆரம்பிக்கிறது. நெட் இல்லை.

பதில்: டிஹெச்சிபி பதில் வரவில்லை என்று அர்த்தம். முதலில் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்சைப் பாருங்கள். ஆக்சஸ் பாயின்ட் இருக்கும் போர்ட்டில் 20 டேக்டு ஆக (டேக்கோடு போகும்படி) இருக்கிறதா? சரி, ரவுட்டருக்குப் போகும் போர்ட்டில்? இந்த இரண்டாவதைத்தான் மறந்துவிடுவோம். ஒரு விடுதியில் நான் அரை நாள் தேடியது இதைத்தான். காலியான போர்ட் ஒன்றை 20-க்கு அன்டேக்டு ஆக (டேக் இல்லாமல் போகும்படி) வைத்து, பிவிஐடியும் (டேக் இல்லாமல் உள்ளே வருவதற்குப் போடும் வீலேன் எண்) 20 கொடுத்து, லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள். ஐபி கிடைத்தால் ரவுட்டர் பக்கம் சரி. கோளாறு ஆக்சஸ் பாயின்ட் பக்கம்.

கேள்வி: சாதாரண ஸ்விட்ச் போதுமா?

பதில்: பல சாதாரண ஸ்விட்சுகள் டேக்கை அப்படியே கடத்திவிடும். ஆனால் அதில் கேபிள் செருகுகிற எவரும் எந்த வீலேனுக்குள்ளும் நுழையலாம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் வீலேன் அமைக்கக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்குங்கள், 5 போர்ட் போதும்.

கேள்வி: பிரித்த பிறகும் கெஸ்ட் போனில் ஆபீஸ் பிரின்டரின் பக்கம் திறக்கிறதே?

பதில்: வீலேன் பிரிக்கும், ரவுட்டர் திரும்பச் சேர்த்துவிடும். தனக்குத் தெரிந்த நெட்வொர்க்குகளுக்கிடையே வழிவிடுவதுதான் அதன் வேலை. எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள் இருக்கும் ஃபயர்வாலில், 20-இலிருந்து உள் நெட்வொர்க்குகளுக்கான 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றுக்கும் போவதைத் தடுங்கள். டிஹெச்சிபி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றுவது) இரண்டுக்கும் அனுமதி விதிப் பட்டியலில் அதற்கு மேலே இருக்கட்டும், இன்டர்நெட் அனுமதி கீழே. ரவுட்டரின் அட்மின் பக்கத்தையும் மறக்காமல் மூடுங்கள். பல ரவுட்டர்களில் அதற்குத் தனி விதி எழுத வேண்டும். கெஸ்ட் போன்கள் ஒன்றையொன்று பார்க்காமலிருக்க, ஆக்சஸ் பாயின்ட்டில் கிளையன்ட் ஐசோலேஷன் ஆன் செய்யுங்கள்.

கேள்வி: டிவியைத் தனி வீலேனில் போட்டதும் போனில் ஓடும் படத்தை டிவிக்கு அனுப்ப (காஸ்ட் செய்ய) முடியவில்லை.

பதில்: டிவியைத் தேடும் எம்டிஎன்எஸ் அழைப்பு 224.0.0.251 முகவரிக்குப் போகிறது, அது வீலேனைத் தாண்டாது. அந்த அழைப்பை அடுத்த வீலேனுக்கும் கடத்தும் எம்டிஎன்எஸ் ரிஃப்ளெக்டரை ரவுட்டரில் ஆன் செய்து, போனிலிருந்து டிவிக்கு மட்டும் வழிவிடுங்கள்.

கேள்வி: துறைக்கு ஒன்றாக எட்டு வைஃபை பெயர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் நொடிக்குப் பத்து முறை போல பீக்கன் (அந்தப் பெயர் இங்கே இருக்கிறது என்ற அறிவிப்பு) போகும், அதுவும் குறைந்த வேகத்தில். காற்றிலேயே இடம் அடைபடும். மூன்று, நான்கோடு நிறுத்துங்கள். துறைவாரியாகத்தான் பிரிக்க வேண்டுமென்றால் ஒரே பெயர் வைத்து, ஆளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் மூலம் லாகின் செய்கிறவருக்கு ஏற்ற வீலேனைக் கொடுக்கலாம்.