தண்டல்காரனும் தஹிதி மாங்காவும்

கேள்வி: ஆசிரியர் சார், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமை மூணு தடவை முழுசா முடிச்சிருக்கேன், மூணு தடவையும் கடைசில அழுதேன். ஆர்தர் மார்கன் மாதிரி ஒரு கேரக்டரை நம்மாளுங்க எவனும் எழுதினதும் இல்ல, எழுதவும் முடியாது, டச் கேரக்டர் அதுக்கும் மேல. ஒத்துக்கறீங்களா? கேம்னா சின்னப்பசங்க சமாச்சாரம்னு ஒதுக்கறதா இருந்தா பதிலே போட வேணாம்.
— கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்

பதில்: ஒதுக்கல தம்பி. ஓசூர்ல கம்பெனி வேலைல இருக்கற என் தங்கச்சி பையன் லீவுக்கு வர்றப்ப கேம் ஆடற பெட்டி பிஎஸ்4ஐ பையில போட்டு எடுத்துட்டு வருவான், அவன் தூங்கினப்புறம் நான் உக்காந்து ஆடினதுதான், முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, குதிரைய மரத்துல மோதவிட்டு விழுந்ததுக்கு கணக்கே இல்ல. அதனால தைரியமா சொல்றேன், பாதி ஒத்துக்கறேன், மீதி பாதிக்கு உங்ககிட்ட சண்டை இருக்கு. (இன்னும் ஆடாதவங்க இந்தப் பதிலை தாண்டிப் போயிடுங்க, கதை பூரா உடைச்சுத்தான் பேசப்போறேன்.)

மொதல்ல ஒத்துக்கறது. கதை நடக்கறது அமெரிக்காவுல, 1899ல, ஆர்தர் இருக்கற கொள்ளைக் கூட்டத்துல ஸ்ட்ராஸ்னு ஒருத்தன், இல்லாதப்பட்டவங்களா பாத்து வட்டிக்கு விடறவன், வசூலுக்கு ஆர்தரை அனுப்பறான். நம்ம பக்கம் இதுக்கு விளக்கமே வேணாம், தண்டல்னா போதும், சாயங்காலமானா நோட்டும் பையுமா பைக்ல வந்து வாசல்ல நிக்கற ஆளைப் பாக்காத தெரு தர்மபுரில எது? இங்கிலீஷ் சரியா வராத ஒரு போலந்துக்காரன் வீட்டுல பூந்து இருக்கறதை அள்ளிட்டு வர்றோம். அப்புறம் தாமஸ் டவுன்ஸ்னு ஒரு குடியானவன், ஏற்கனவே நெஞ்சு சளி புடிச்சு ஒட்டி உலந்த ஆளு, அவனை சட்டையைப் புடிச்சு அடிக்கறப்ப அவன் இருமறான், ரத்தம் ஆர்தர் மூஞ்சில தெறிக்குது, ஆர்தர் தொடச்சிட்டு வந்துடறான், நாமளும் அடுத்த மிஷனுக்குப் போயிடறோம். எத்தனையோ மணி நேரம் கழிச்சு டாக்டர் சொல்றாரு, காசநோய்னு. நம்ம பாட்டிங்க சயரோகம்னு சொல்லுவாங்களே அது. கிருமிய ராபர்ட் கோக் 1882லயே கண்டுபுடிச்சிட்டாரு, ஆனா அதைக் கொல்ற மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் 1940கள்லதான் வந்துச்சு, நடுவுல மாட்டினவன் ஆர்தர்.

இதை எழுதினவங்களுக்கு நான் கையெடுத்து கும்புடறேன், ஏன்னா அந்த வசூலை தட்டிக்கழிக்கவே முடியாது, போனாத்தான் கதை நகரும், அந்த வீடு வரைக்கும் வழி பூரா குதிரைய ஓட்டிட்டுப் போனது நம்ம கைதான். சினிமாவா இருந்தா ஹீரோ பண்ணின பாவம்னு ஓரமா நின்னு பாத்துட்டு வந்திருப்போம், இதுல பங்கு நமக்கும் இருக்கு. அவன் திருந்தினான்னு யாரும் வசனம் பேசி நம்ப வெக்கல, அதே ஸ்ட்ராஸை கழுத்தைப் புடிச்சு கேம்ப்பை விட்டு தள்ளறான் பாருங்க, அந்த இடம் போதும். 2018ல தி கேம் அவார்ட்ஸ்ல கதைக்கான விருது இதுக்குத்தான், ஆர்தரா நடிச்ச ராஜர் கிளார்க்குக்கும் விருது, ரெண்டுலயும் எனக்கு தகராறு இல்ல.

தகராறு டச் வான் டெர் லிண்ட்கிட்ட.

கூட்டத் தலைவன், ஆர்தரை சின்ன வயசுலேர்ந்து எடுத்து வளர்த்தவன், அப்பன் மாதிரி, அவன் கெட்டுப்போறதுதான் கதையோட முதுகெலும்பு. சரி, எதுலேர்ந்து கெட்டான்? 20 வருஷம் டச் எங்களுக்காக அதைப் பண்ணினாரு இதைப் பண்ணினாருன்னு ஆளாளுக்கு சொல்றாங்க, கேட்டுக்கறோம். ஆரம்பத்துல பனியில ஸாடிங்கற பொண்ணை கூட்டத்துல சேத்துக்கறது, அப்புறம் குட்டிப்பையன் ஜாக்கை மீட்கப் போறதுன்னு ஒண்ணு ரெண்டு இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா ஆர்தரை வளர்த்த அந்த 20 வருஷத்துல ஒரே ஒரு நாளையாவது நம்ம கையில குடுத்து ஆட வெச்சாங்களா? மெயின் கதை மட்டும் 2000 பக்கம் வரும்னு எழுதினவர்ல ஒருத்தரான டான் ஹவுஸரே சொல்லியிருக்காரு. 2000 பக்கத்துல அப்பனோட ஒரு நல்ல நாளுக்கு பத்து பக்கம் ஒதுக்க முடியலையா? அதை விட்டுட்டு குவார்மா தீவுல கொண்டுபோய் எறக்கி நம்மளை அலைய விட்டாங்க, அந்த தீவை அப்படியே வெட்டி எறிஞ்சாலும் கதைக்கு ஒரு காயமும் படாது.

டச் வாயைத் தொறந்தா பிளான் இருக்கு, பணம் வேணும், பசிபிக் கடல்ல இருக்கற தஹிதி தீவுக்குப் போயிடலாம், மாங்கா விளைவிக்கலாம். கிருஷ்ணகிரிக்காரன் இதைக் கேட்டு சிரிக்காம எப்படிங்க ஆடறது? பெங்களூரா மாங்காவை டிராக்டர்ல ஏத்திட்டு கூழ் ஃபேக்டரி வாசல்ல வரிசையில ராத்திரி முழுக்க காத்துக்கிடந்து, காலைல அவங்க சொல்ற வெலைக்கு தலையாட்டிட்டு வர்றவங்க ஊரு இது, மாந்தோப்புதான் சொர்க்கம்னு ஒருத்தன் சொன்னா மொதல்ல தண்ணிக்கு என்ன பண்ணுவேன்னுதான் கேப்போம். அந்தக் கூட்டத்துல ஒருத்தராவது அப்படி நறுக்குன்னு கேட்டிருக்கணும். நாம கேம்ப்ல இருக்கற பொதுப் பணப்பெட்டில ஆயிரக்கணக்கா டாலர் போட்டாலும் டச் அதே பணம் வேணும் வசனத்தைத்தான் பேசறான், கதை எழுதினவங்களும் பெட்டிய டிசைன் பண்ணினவங்களும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கவே இல்ல போல.

அதே கூட்டத்துல இருக்கற மைக்கா இன்னும் மோசம். ரெண்டாவது அத்தியாயத்துல ஜெயில்லேர்ந்து அவனை வெளில எடுத்தா, விட்டுட்டு வந்த துப்பாக்கிய எடுக்கணும்னு ஒரு ஊரையே சுட்டுத் தள்றான். அப்பவே எங்க வீட்ல டீ குடிச்சிட்டு எட்டிப் பாத்த என் தங்கச்சி சொல்லிடுச்சு, இவன்தான்டா காட்டிக்குடுப்பான்னு. துரோகிய அவ்வளவு சீக்கிரம் நெத்தில எழுதி ஒட்டிட்டா, அவனை நம்பற டச் முட்டாளாத்தான் தெரிவான், வீழ்ந்த பெரிய மனுஷனா தெரிய மாட்டான்.

2010ல வந்த முந்தின கேம் கதைப்படி இதுக்கப்புறம் நடக்கறது, அதை ஆடினவங்களுக்கு டச் கெட்டுப்போவான்னு தெரியும், முடிவு தெரிஞ்ச கதைன்னு சிலர் சப்பைக்கட்டு கட்டுவாங்க. காரிமங்கலம் பக்கம் போய் கூத்து பாருங்க தம்பி, கர்ணன் சாவான்னு தெரியாதவன் ஒருத்தன் அந்தப் பந்தல்ல உண்டா? தெரிஞ்சுதான் விடிய விடிய உக்காந்திருக்கோம். பொண்டாட்டி பொன்னுருவி அவன் பொறப்பைச் சொல்லி ஏசறா, அவன் நின்னு கேக்கறான், களத்துக்குக் கிளம்பறான், கடைசில செஞ்ச புண்ணியத்தையே தாரை வார்க்கறான், எல்லாம் நம்ம கண்ணு முன்னாடி. கர்ணன் நல்லவன்னு கட்டியங்காரன் வந்து சொல்லிட்டுப் போனா எவனாவது அழுவானா? நம்மாளுங்க எவனும் எழுதினதில்லைன்னு நீங்க எழுதினதுக்கு அதுதான் என் பதில்.

இன்னொண்ணும் இருக்கு. இந்த கேம் மாடு மேய்க்கறவன், கொள்ளைக்காரன் கதை, நம்ம தகடூர் சீமைக்கு அது புதுசு கிடையாது. தர்மபுரி அகழ்வைப்பகத்துல நடுகல்லுங்க வரிசையா நிக்குது, போய்ப் பாருங்க, மாட்டு மந்தைய ஓட்டிட்டுப் போனானுங்க, இவன் போனான், மீட்டான், செத்தான். ‘தொறு மீட்டுப் பட்டான்’. மூணு வார்த்தைல ஒரு ஆளு. அவன் நல்லவனா, வீரனா, ஒரு அடைமொழி கிடையாது, பண்ணினது மட்டும்தான். ஆர்தர் விஷயத்துல கேமை உருவாக்கின ராக்ஸ்டார் கம்பெனிக்காரங்க இந்தக் கல்லு வெட்டினவங்க மாதிரி எழுதியிருக்காங்க, டச்சுக்கு அரசியல் மேடை போட்டுக் குடுத்துட்டாங்க.

ஆர்தர்லயும் ஒரு ஓட்டை உண்டு, நல்லது பண்ணினா ஏறி கெட்டது பண்ணினா எறங்கற அந்த ஹானர் மீட்டர். போச்சம்பள்ளி சந்தைல எதிர்ல வர்றவங்களுக்கெல்லாம் வணக்கம் போட்டுட்டே போனா பண்ணின பாவம் கரையுமா? இதுல கரையுது. மிஷன்ல ரெண்டு டஜன் பேரை சுட்டுட்டு, டவுனுக்கு வந்து ஹலோ ஹலோன்னு நடந்தா புள்ளி ஏறுது, ஏறினா கடைசில சூரியன் உதிக்கறதைப் பாத்து சாவான், எறங்கினா மைக்கா கையால சாவான். அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதின மனசாட்சிய ரேஷன் கடை கணக்கா ஆக்கிட்டாங்க. அதே ஆர்தர் ரயிலடில ஒரு கன்னியாஸ்திரிகிட்ட பயமா இருக்குன்னு சொல்றான் இல்ல, அந்த ஒரு வார்த்தைக்கு நானும் கண்ணைத் தொடச்சேன், ஒளிக்கல.

நீங்க மூணு தடவை முடிச்சேன்னு சொன்னதால ஒண்ணு கேக்கறேன். டவுன்ஸ் செத்தப்புறம் அவன் பொண்டாட்டி எடித் நிலக்கரி ஊர்ல ராத்திரி தெருவுல நிக்கறா, பையன் சுரங்கத்துல வேலை பாக்கறான். அவங்களைத் தேடிப் போறது கட்டாயம் கிடையாது, போகாமலே கதைய முடிச்சுடலாம், முடிச்சு அழுதுடவும் செய்யலாம். நீங்க மூணுல எத்தனை தடவை போனீங்க? அதை மட்டும் எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறேன்.