சேப்பாக்கம் அரண்மனையும் நவாப்பின் கடனும்

ஐயா,

வாலாஜா சாலை வழியே போகும்போதெல்லாம் சேப்பாக்கம் அரண்மனையைப் பார்த்து வியக்கிறேன். இந்தோ சாராசெனிக் பாணியில் எழுந்த முதல் கட்டடம் இதுதான் என்கிறார்களே, உண்மையா? வடிவமைத்தவர் யார்? கோட்டைக்குச் சுரங்கப்பாதை இருந்ததாமே? கலையை இவ்வளவு நேசித்த நவாப்புகளை நாம் மறந்துவிட்டோமே என்று வருத்தமாக இருக்கிறது.

திருவல்லிக்கேணி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நானும் சில நாட்களாக இந்தக் கட்டடத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். சுரங்கப்பாதையை விடுங்கள், பழைய கட்டடம் எதுவானாலும் அதனடியில் ஒரு சுரங்கத்தைத் தோண்டாவிட்டால் நம் மக்களுக்குத் தூக்கம் வராது. ‘முதல்’ என்ற பட்டத்தை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768-ஐ ஒட்டி எழுந்த இந்த அரண்மனையை வடிவமைத்தவர் பால் பென்ஃபீல்டு என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

‘கலையை நேசித்த’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அது யார் வீட்டுப் பணம் என்று ஒரு வரியாவது கேட்டிருக்கக் கூடாதா? பென்ஃபீல்டு கும்பினியில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியில், சொற்பச் சம்பளம் வாங்கியவர். ஆனால் நவாப்புக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர். ஊர் ஊராகத் தண்டப்படும் நிலவரியைத்தான் நவாப் ஈடாக எழுதிக்கொடுத்தார். 1773-ல் கும்பினிப் படையின் துணையோடு அவர் பிடித்த தஞ்சாவூரை, 1776-ல் சென்னை கவர்னர் பிகட் தஞ்சை மன்னர் துளஜாவிடமே திருப்பிக் கொடுத்தபோது, அங்கே வயலில் நின்ற விளைச்சலும் தன் கடனுக்கு ஈடுதான் என்று பென்ஃபீல்டு வந்து நின்றார். அதை ஏற்காத கவர்னரை அவருடைய ஆலோசனைச் சபையினரே சிறைப்பிடித்தார்கள். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார்.

என் தகப்பனார் தஞ்சைப் பக்கத்துக் குடியானவர். புயலில் பயிர் போன ஓராண்டு, வரித் தள்ளுபடி கேட்டு மனுவோடு வருவாய் வாரியத்துக்கு வந்தார். வாரியம் அப்போது இயங்கியது இதே அரண்மனையில். சிறுவனான என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் காத்திருந்தவர், தூணின் காரைப்பூச்சை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “இம்மாஞ் சுண்ணாம்பு அரைக்க எத்தனை ஜோடி மாடு சுத்தியிருக்கும்டா” என்றார். தஞ்சாவூர் நெல் இந்த வீட்டின் வட்டிக்கு எழுதப்பட்ட கதை அவருக்குத் தெரியாது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். நீங்கள் படித்தவர், உங்கள் கடிதத்தில் அந்த மாடும் இல்லை, அதை ஓட்டியவனும் இல்லை.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று மனம் சுணங்க வேண்டாம். அந்தச் சாலையில் நின்று பார்க்கிறவர்களே குறைவு, நீங்கள் பார்க்கிறீர்கள். அந்த உரிமையில்தான் திட்டுகிறேன். 1785-ல் நவாப்பின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரையை ஒருமுறை படியுங்கள். பென்ஃபீல்டை அவர் உரித்தெடுத்திருக்கிறார். 1801-ல் கர்நாடகத்தின் (இன்றைய மாநிலம் அல்ல, நவாப் ஆண்ட ஆற்காட்டுச் சீமை) ஆட்சி முழுவதும் கும்பினியின் கைக்குப் போன பிறகு கடன்பத்திரங்களை விசாரிக்க ஒரு குழு அமைந்தது. வந்து குவிந்த கோரிக்கைகள் மூன்று கோடி பவுண்டுக்கு மேல். அவற்றில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடனாகத் தேறவில்லை. 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது.