தாத்தாவின் பென்சில் புள்ளிகள்

கேள்வி: எங்கோ நடக்கும் போர்ச் செய்திகளை நள்ளிரவு வரை பார்த்துவிட்டுத் தூங்க முடியாமல் தவிக்கிறேன். 'நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று வீட்டில் திட்டுகிறார்கள். (வாசகி, காரைக்குடி)

பதில்: பத்து மணிக்கு டிவியை அணைத்துவிடுங்கள், அதில் வீட்டார் பக்கம்தான் நான். சம்பந்தம் என்ன என்பதற்கு மட்டும் என் தாத்தா கதையைச் சொல்கிறேன்.

அவர் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். 1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டபோது அவருக்கும் அது எங்கோ நடக்கிற சண்டைதான். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. அடுத்த மார்ச்சில் நகரமே ஜப்பானியர் கையில். இந்தியர்கள் லட்சக்கணக்கில் மலையும் காடுமாக நடந்தார்கள். காலராவும் மலேரியாவும் வழியிலேயே வாரிக்கொண்டு போனது பல்லாயிரம் பேரை. தாத்தா பர்மா எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்குள் வந்து, திமாப்பூரில் ரயில் ஏறினார். கையில் மிஞ்சியது மாற்று வேட்டி ஒன்று, விஷு வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்று.

அந்தப் பஞ்சாங்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. குண்டு விழுந்த செவ்வாய்க்கிழமையைப் புரட்டிப் பார்த்தேன். ராகு காலம் பிற்பகல் 3 மணிக்கு. விமானங்கள் காலையிலேயே வந்துவிட்டன. (எமகண்டம் பார்த்தீரா என்று யாரும் கடிதம் போட வேண்டாம். பார்த்தேன்.) பங்குனிப் பக்கங்களில், நடந்த நாளுக்கு ஒன்றாக ஓரத்தில் பென்சில் புள்ளி வைத்திருக்கிறார். 'மழை' என்று ஓரிடத்தில். 'காய்ச்சல்' என்று இன்னோரிடத்தில். நடுவில் சில நாட்களுக்குப் புள்ளியே இல்லை. அப்போது என்ன நடந்தது என்று கேட்டால் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார். டிவியில் யாராவது மூட்டையோடு நடந்து போனால் எனக்கு அந்த வெற்று நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன.

கேள்வி: 'அவன் பெரிய எம்டன்' என்கிறோமே, யார் அந்த எம்டன்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஆள் இல்லை ஐயா, கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துவிட்டு நழுவிய ஜெர்மன் போர்க்கப்பல். நவம்பரிலேயே கோக்கோஸ் தீவருகே அதன் கதை முடிந்தது. பெயர் மட்டும் நம் வீட்டுக் கண்டிப்பான அப்பாக்களுக்கும் கில்லாடிகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: கொள்ளுத்தாத்தா காலத்துப் புத்தகங்கள் தொட்டால் உதிர்கின்றன. லேமினேட் செய்யலாமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: கூடவே கூடாது. அந்தக் காலத்து மலிவுக் காகிதத்திலேயே அமிலம் உண்டு. பிளாஸ்டிக்கில் அடைத்தாலும் உள்ளே நொறுங்கிக்கொண்டேதான் இருக்கும், பிரித்தெடுக்கவும் முடியாது. முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். அப்புறம், அரிய நூலாகத் தோன்றினால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அந்தச் சேகரிப்பே உங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ஒருவர் வீட்டில் சேர்த்ததுதான்.

செலோ டேப்பும் வேண்டாம். இருபது வருஷத்துக்கு முன் பங்குனிப் பக்கம் கிழிந்தபோது நான் அதைத்தான் ஒட்டினேன். இப்போது பசை பழுத்து, பட்டையாகக் காப்பி நிறத்தில் நிற்கிறது. அதற்கு அடியில் இருப்பது மூன்று புள்ளியா நான்கா என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியவில்லை.