பூனையா, புலிக்குட்டியா? முதலில் வாலைப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "சரசாலைப் பக்கம் எங்கள் வீடு. வளவுக்குப் பின்னால் பனங்கூடல், அதைத் தாண்டினால் வயல். போன கிழமை விடியற்காலை வயல் வரம்பில் ஒரு பெரிய பூனை நடந்து போனது. மண் நிறம். கால் நீளம், வால் கட்டை, நுனி கறுப்பு மாதிரி இருந்தது. போனில் கொஞ்சம் வீடியோ எடுத்தேன், தெளிவில்லை. அயலவர்கள் புலிக்குட்டி என்கிறார்கள். என் மாமா மரநாய் என்கிறார். இரண்டு கோழியும் காணாமல் போயிருக்கிறது. இது என்ன, எப்படி உறுதிப்படுத்துவது, பயப்பட வேண்டுமா?"

பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் காட்டுப்பூனை. வீட்டிலிருந்து ஓடிப்போய்க் காட்டில் திரியும் பூனையைச் சொல்லவில்லை. அது தனியான ஒரு இனம். இலங்கையில் காட்டில் வாழும் பூனைக் குடும்பத்தினர் நான்கு பேர்தான்: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை. வரிப்புலி இந்த நாட்டில் இல்லை. சிறுத்தை வன்னிக் காடுகளில் உண்டு. ஆனால் வயலும் வீடும் நெருக்கமாகக் கிடக்கும் குடாநாட்டில் ஒரு பூனையைக் கண்டவுடன் முதலில் நினைக்க வேண்டிய பெயர் அதுவல்ல.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது அந்த வால்தான். பெரும்பாலானவர்கள் நிறத்தையும் அளவையும் சொல்வார்கள். இரண்டையுமே நம்ப முடியாது. விடியற்கால வெளிச்சத்தில் சாம்பல் பூனையும் மஞ்சளாகத் தெரியும். திறந்த வயலில், பக்கத்தில் ஒப்பிட ஒன்றுமில்லாத இடத்தில், நாலு கிலோ பூனை நாய் அளவுக்குத் தெரிவது சாதாரணம். அதோடு நெஞ்சு படபடத்தால் இன்னும் ஒரு கிலோ கூடும். வாலின் நீளமும் காலின் நீளமும் காதின் வடிவமும் அப்படி ஏமாற்றுவதில்லை.

நீங்கள் அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வரம்பிலிருந்து கீழே இறங்கும் இடத்தில் ஒரு கணம் உடம்பு முழுவதும் பக்கவாட்டில் தெரிகிறது. வால் தொங்குகிறது, ஆனால் பின்காலின் முழங்கால் மடிப்போடு நின்றுவிடுகிறது. நிலத்தைத் தொடுவதற்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. நுனிக்குக் கிட்ட ஒன்றிரண்டு கருவளையம் இருப்பது போலவும் ஒரு சாயல். காதுகள் உயரமாக, நெருக்கமாக நிற்கின்றன. காட்டுப்பூனைக்கு இப்படித்தான் இருக்க வேண்டும்: நீண்ட கால், கட்டை வால், நிமிர்ந்த காது, காது நுனியில் சின்னதாக ஒரு கறுப்பு மயிர்க்கொத்து. வளர்ந்த பூனையின் உடம்பில் புள்ளியோ வரியோ இருக்காது. கால்களில் மட்டும் மங்கலான கோடுகள் இருக்கலாம். தோள் உயரம் சுமார் 35 சென்ரிமீற்றர், எடை 4 முதல் 8 கிலோ வரை. மற்றப் பூனைகளைப் போல இருட்டும்வரை காத்திருக்காமல் விடியவும் பின்னேரமும், சிலவேளை நல்ல பகலிலும் நடமாடும். உங்கள் கண்ணில் பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றைக் கவனியுங்கள். போனில் இழுத்துப் பெரிதாக்கி எடுத்த வீடியோவில் 'புள்ளி இல்லை' என்று சொல்ல முடியாது. படம் குழம்பும்போது முதலில் அழிவது புள்ளியும் வரியும்தான். உருவத்தின் வெளிக்கோடு மட்டும் தங்கும். அதனால் உடம்பு நிறத்தை வைத்து நான் முடிவு சொல்லவில்லை.

வீட்டுப் பூனையாக இருக்குமோ? இந்தச் சந்தேகத்தை ஒருபோதும் விடக்கூடாது. 'விசித்திரமான மிருகம்' என்று வரும் படங்களில் பெரும்பாலானவை நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த கடுவன் பூனைகள். பாதத்தில் வெள்ளை, நெஞ்சில் வெள்ளைத் திட்டு, வால் நுனியில் வெள்ளை இருந்தால் அது வீட்டுப் பூனை, மேலே யோசிக்க வேண்டாம். நடக்கும்போது வால் நிலத்துக்குக் கிட்ட வந்தாலோ, கொடிக்கம்பம் போல நிமிர்ந்து நின்றாலோ அப்படியே. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. காட்டுப்பூனையும் வீட்டுப் பூனையும் இணைந்து குட்டி போடக்கூடியவை. ஊர் ஓரங்களில் இரண்டுங்கெட்டான் உருவம் ஒன்றைக் கண்டால் அடித்துச் சொல்லாமல் விடுவதே நேர்மை.

மாமா சொன்ன மரநாயையும் பார்ப்போம். பதநீரோ கள்ளோ இறக்கும் பனையில் முட்டியை இரவில் காலி செய்வது, கூரைக்குள் குடித்தனம் நடத்துவது எல்லாம் மரநாய்தான். யாழ்ப்பாணத்தில் அதை அறியாத வீடு குறைவு. ஆனால் மரநாய்க்கு வால் கிட்டத்தட்ட உடம்பளவு நீளம், கால் குட்டை, முகம் கூர். புனுகுப்பூனையும் பெயரில் மட்டும்தான் பூனை. அதற்கும் கூர்முகம்தான். உடம்பில் கோடும் புள்ளியும், நீண்ட வாலில் வரிசையாக வளையங்களும் இருக்கும். இரண்டும் குனிந்து, முதுகை வளைத்துக்கொண்டு ஓடும். உங்கள் வீடியோவில் போவது காலைத் தூக்கி வைத்து நடக்கிறது. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இனி மீன்பிடிப் பூனை. நீங்கள் குருவிக்காட்டுக் கண்டல்களுக்கு அதிக தூரத்தில் இல்லாதபடியால் இதைத் தள்ளிவிடக் கூடாது. ஈரநிலமும் கண்டலும் அதற்குப் பிடித்த இடங்கள். கொழும்பு நகரத்துச் சதுப்பு நிலங்களிலேயே அது வாழ்கிறது என்றால் பாருங்கள். ஆனால் உருவம் முற்றிலும் வேறு. தடித்த உடம்பு, கட்டைக் கால், அகன்ற முகம், சிறிய வட்டக் காது. சாம்பலும் பாசியும் கலந்த நிறத்தில் கரும்புள்ளிகள் வரிசையாக ஓடும். நெற்றியிலிருந்து பிடரிவரை கருங்கோடுகள் இருக்கும். வாலும் கட்டைதான், அதனால் வாலை மட்டும் பார்ப்பவர் இங்கே சறுக்குவார். வால் கட்டையாக இருந்தால் அடுத்ததாகக் காலைப் பாருங்கள். ஓடிப்போகும்போது காதின் பின்புறம் தெரிந்தால் இன்னும் நல்லது. மீன்பிடிப் பூனைக்கு அங்கே கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். காட்டுப்பூனைக்குச் செம்பழுப்பு, பொட்டு இல்லை. புள்ளியைப் பார்த்துவிட்டு இதைச் சிறுத்தை என்று அடித்துவிடுவது நாட்டின் பல பகுதிகளிலும் நடக்கிறது. சிறுத்தைக்கு வால் நீண்டு வளைந்திருக்கும், உடம்பில் புள்ளிகள் கூடிப் பூப்போல இருக்கும்.

துரும்பன் பூனை உங்கள் கதைக்குள் வராது. அது உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்று, வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான். கண்டால் வீட்டுக் குட்டி என்றுதான் நினைப்பீர்கள்.

சரி, உறுதிப்படுத்துவது எப்படி? முதலில் அளவை எடுப்போம், அதற்குப் பூனை திரும்ப வரத் தேவையில்லை. வீடியோவில் அது வேலியில் நட்ட ஒரு கிளுவைக் கதியாலைக் கடந்து போகிறது. நீங்கள் அன்று நின்ற அதே இடத்தில், அதே போனோடு நில்லுங்கள். வீட்டில் ஒருவரை அந்தக் கதியாலடியில் ஒரு தடியை நட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். தடியில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். அதே அளவு பெரிதாக்கி ஒரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டுப் பூனைக்கு 25 சென்ரிமீற்றர் அளவில் நிற்கும். அயலவர்களின் புலிக்குட்டிக்கும் இந்தத் தடி பதில் சொல்லும்.

அடுத்தது காலடி. உங்கள் பக்கத்து மணல் இதற்கு வாய்ப்பானது. செம்பாட்டு மண்காரருக்கு மழை பெய்தால்தான் உண்டு. பொழுதுபடும் நேரம், அது நுழைந்து போய்வரும் வேலிப் பொட்டின் (இடைவெளியின்) முன்னால் ஒரு பாய் அளவுக்குத் தும்புத்தடியால் கூட்டி மட்டமாக்கி விடுங்கள். விடிந்ததும் சூரியன் சாய்வாக இருக்கும்போதே பாருங்கள், உச்சி வெயிலில் பள்ளம் தெரியாது. பூனைக் குடும்பமென்றால் நான்கு விரல், நகம் பதியாது, பின்னால் உள்ள பெரிய மெத்தையின் அடிப்பக்கம் மூன்றாகப் பிரிந்திருக்கும். நகம் குத்தியிருந்தால் நாயோ நரியோ. ஐந்து விரல் பதிந்தால் மரநாய், புனுகுப்பூனை, கீரி என்ற பக்கம் போங்கள். இதிலும் ஒரு விதிவிலக்கு: மீன்பிடிப் பூனைக்கு நகம் முழுதாக உள்ளே இழுபடாது, ஈரச் சேற்றில் நுனி பதியலாம். அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். வீட்டுப் பூனையின் அடி மூன்று சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கொஞ்சம் கூடலாம். நாலைத் தாண்டினால் எனக்கு அனுப்புங்கள்.

அசைவை உணர்ந்து தானே படமெடுக்கும் கமரா யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். அதே பொட்டுக்கு நேரே, முழங்காலுக்குக் கீழே, கதியாலில் கட்டுங்கள். ஆள் உயரத்தில் கட்டினால் முதுகு மட்டும்தான் கிடைக்கும். கிழக்கையோ மேற்கையோ பார்க்க வைத்தால் வெயில் நேரே விழும். முன்னால் ஆடும் புல்லை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் காற்றைத்தான் இரவு முழுக்கப் படம் பிடிக்கும். மீன் தலை, கோழிக் குடல் எதையும் வைக்காதீர்கள். ஊர் நாய்கள் திருவிழாவுக்கு வந்துவிடும். இன்னொன்று, பக்கத்து வளவின் கிணற்றடி கமராவுக்குள் வரக்கூடாது. பூனைக்காக அயலோடு பகை தேவையில்லை.

ரோச் வெளிச்சத்தில் மின்னும் கண்ணின் நிறத்தை வைத்து இனம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் படும் கோணத்துக்கு அந்த நிறம் மாறும், நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நேரில் திரும்பப் பார்க்க ஆசை என்றால் தை, மாசி மாதங்கள்தான் நல்ல காலம். நெல் வெட்டியபின் ஒளிக்க இடம் குறைவு, சிந்திய நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பூனை வரும். வயலுக்கு நடுவில் தேடாதீர்கள். வயலும் வடலிப் பற்றையும் முட்டும் ஓரத்தைப் பார்த்து, காற்று உங்கள் முகத்தில் படும் பக்கமாக அசையாமல் இருங்கள். பற்றைக்குள் அடி பார்த்துப் போக வேண்டாம். குறிப்பாக முகமாலை, நாகர்கோவில் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்கிறேன். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் எந்தப் பூனைக்காகவும் காலை வைக்காதீர்கள்.

கோழி விஷயம். காட்டுப்பூனை கோழி பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் அன்றாடச் சாப்பாடு எலி, அதனால் வயல்காரருக்கு அது செய்வது வேலைதான். கோழி காணாமல் போனதற்கு நாய், கீரி, மரநாய், மலைப்பாம்பு என்று சந்தேகப் பட்டியல் நீளம். எது வந்தாலும் மருந்து ஒன்றே: பொழுதுபட முன் கோழியை அடைத்து, கூட்டுக் கதவுக்கும் அடிப்பலகைக்கும் இடையில் கை நுழையும் இடைவெளி இல்லாமல் கம்பி வலை அடியுங்கள். நஞ்சு வைத்தால் முதலில் சாவது உங்கள் நாயாக இருக்கும். சுருக்குப் பற்றியும் யோசிக்க வேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2018 யூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தையை ஆட்கள் சூழ்ந்ததில் பலர் காயப்பட்டார்கள், சிறுத்தை அடித்துக் கொல்லப்பட்டது, அதன்பின் சிலர் கைதானார்கள். அங்கே நின்றது உண்மையான சிறுத்தை. உங்கள் அயலில் 'புலிக்குட்டி' என்ற பேச்சு வளர்ந்தால் ஒரு காட்டுப்பூனைக்கும் அதே கதி வரலாம். அதனால் வீடியோவை 'புலி' என்ற தலைப்போடு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பனங்கூடலைத் துப்புரவாக்கும்போது குட்டிகள் அகப்பட்டால் இன்னும் கவனம். காட்டுப்பூனைக் குட்டிக்கு உடம்பில் வரி இருக்கும், வளர வளர மங்கிவிடும். அந்த வரியைப் பார்த்துத்தான் புலிக்குட்டி என்று தூக்கி வருகிறார்கள். தொடாமல், அந்தப் பற்றையை மட்டும் விட்டுவிட்டு, நாய்களைக் கட்டிவையுங்கள். தாய் இரவில் வந்து இடம் மாற்றிவிடும். அடுத்த நாளும் குட்டிகள் அங்கேயே கத்திக்கொண்டு கிடந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.